வேட்டைக்காரம்மாவின் சுவர்

“இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணி வேணும்னா மட்டும் கேளுங்க.”

வந்தவர் நாற்காலியை இழுப்பதற்குள் வேட்டைக்காரம்மா தன் நாத்தனாரை இப்படி அறிமுகம் செய்து முடித்துவிடுவார். நாத்தனாரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, காதுக்கு ஒன்றாக இரண்டு ஃபோன்களில் பேச்சைத் தொடர்வாள். அவள் இல்லையென்றால் அந்த அலுவலகமே நொண்டியடிக்கும் என்பது பக்கத்து அறையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்குத் தெரியும். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. ஒட்டுக் கேட்க வேண்டிய சிரமமே எனக்கு இல்லை.

ஒரு கம்பெனியில் ஜோராக வேலை பார்க்கும் பெரிய ஆளை நைசாகப் பேசிக் கிளப்பி, இன்னொரு கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைப்பது வேட்டைக்காரம்மாவின் தொழில். மற்றவர்கள் ‘கன்சல்டன்சி’ என்று கௌரவமாக போர்டு மாட்டுவார்கள். இவர் வாசலில் ‘தலைவேட்டை’ என்றே எழுதி வைத்திருக்கிறார். படித்துவிட்டு முழிப்பவர்களுக்குப் பிரசங்கம் இலவசம்.

“ஒரு காலத்துல நிஜமாவே வெட்டினாங்க. எதிரியோட தலையைக் கொண்டாந்து வீட்டுல மாட்டிக்கிட்டா, அவன் பலமெல்லாம் நமக்கு வந்துடும்னு சில கூட்டத்துல நம்பிக்கை. உங்களுக்கும் அதே நம்பிக்கைதானே? போட்டிக் கம்பெனிக்காரனோட மேனேஜர் உங்க ரூம்ல உக்காந்தா அவன் பலம் உங்களுக்கு. என்ன, இப்பல்லாம் உடம்பையும் சேர்த்துக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கு.”

வந்தவர் தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொள்வார். இவர் விடமாட்டார்.

“சாப்பாட்டுக்குத் தலையை எண்றோம். செலவைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிக்கிறோம். மூத்ததைத் தலைப்பிள்ளைங்கறோம். நான் வேட்டையாடினா மட்டும் ஏங்க முழிக்கிறீங்க?”

பேச்சோடு நிற்கவில்லை. பிடித்த ஒவ்வொரு தலையையும் என்னிடம் அனுப்பிப் படம் எடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார். “கழுத்துக்குக் கீழ எனக்கு வேண்டாம்” என்பது எனக்குக் கட்டளை. வரிசையின் கடைசியில் எப்போதும் ஓர் ஆணி காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

வேட்டைக்குப் போகும் அழகைப் பார்க்க வேண்டும். வங்கியில் வேண்டுமென்றே சீட்டைத் தப்பும் தவறுமாக எழுதி நீட்டி, யார் முகம் சுளிக்காமல் திருத்தித் தருகிறார் என்று பார்ப்பார். ஓட்டலில் சூடான சூப்பை ஆறிப்போச்சு என்று திரும்பத் திரும்ப அனுப்புவார். ஓர் ஓட்டலில் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அப்படி மரியாதையாக விரட்டியவரைத்தான் பிறகு வேறோர் ஓட்டலுக்கு மேனேஜராக்கினார். மூன்றாவது ஆணியில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவருக்கு ஒரு விரதம் உண்டு. தன் ஆட்களை வெளியாள் முன்னால் புகழவே மாட்டார். என்னை ஒரு முதலாளியிடம், “இவர் எடுத்தா எல்லாரும் இப்பத்தான் ஜுரத்துல இருந்து எழுந்த மாதிரி இருப்பாங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நாத்தனார்தான் வந்து சொன்னாள்.

“அண்ணி திட்டினா சந்தோஷப்படுங்க அண்ணா. யாராவது தன் ஆளைப் புகழ்றதைக் கேட்டுத்தான் அவங்களே தூக்கிட்டு வராங்க. நம்மள வேற யாரும் தூக்கிடக் கூடாதுன்னு பயம்.”

அன்றிலிருந்து அவர் திட்டினால் எனக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாகி அம்மாள் வந்திருந்தார். நோயாளிகளின் வீட்டார் கத்திக்கொண்டு வந்தால் சமாளிக்கும் பிரிவுக்கு ஒரு தலைவி வேண்டும். காட்டிய தலைகள் ஒன்றும் அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு முதலாளி எகிறிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இவர்கள் பிடித்துக் கொடுத்த ஆள் இரண்டாம் நாளே கம்பி நீட்டிவிட்டாராம். நாத்தனார் இரண்டு ஃபோன்களையும் கீழே வைத்தாள். உட்காரச் சொன்னாள், கேட்டாள், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் தணிந்து, தன் கதையைத் தானே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

“எனக்கு இவங்க போதும்” என்றார் நிர்வாகி.

“இவளா? காலண்டர்ல தேதி கிழிக்கத் தெரியாதுங்க. உக்காந்த இடத்துல தூங்குவா. குறட்டை வேற.” வேட்டைக்காரம்மா மூச்சு விடாமல் திட்டினார். அப்படியொரு திட்டை நான் கேட்டதே இல்லை. நிர்வாகி குழம்பிப்போய் எழுந்து போனார்.

சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் குரல் கேட்டது. “அண்ணி, எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. தனி ரூம், எனக்குக் கீழ ஆளுங்க. நீங்க மனசோட அனுப்பினாத்தான் போவேன்.”

மேஜை டிராயரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “நீ போனா எனக்கு ரெண்டு காதும் போச்சுடி” என்றார் வேட்டைக்காரம்மா.

மறுநாள் வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். “நேத்து நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க. இவ தங்கம். கத்தறவங்க இவகிட்ட வந்தா அழுதுட்டு, சிரிச்சிட்டுப் போவாங்க. இத்தனை வருஷத்துல நான் பார்த்த தலையிலேயே இதுதான் பெரிய தலை. பத்திரமா வெச்சுக்கங்க.”

நாத்தனார் மேஜையில் கவிழ்ந்து விசும்பி விசும்பி அழுதாள். அண்ணி வாயால் அவள் கேட்ட முதல் புகழ்ச்சி அது. அனுப்பிவிட்டார் என்று அர்த்தம்.

படத்தை நானே எடுத்தேன், கழுத்துக்கு மேல் மட்டும். நேற்று சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேட்டைக்காரம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, காலி ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்து, தள்ளி நின்று பார்த்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம். புது முதலாளி யாரோ வருகிறார்.

“வாங்க, வாங்க” என்றது வாய். கை, சட்டென்று அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியது.