தெற்கு மடை கடைசியாகட்டும்

இந்தப் புரட்டாசியோடு அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது.

வீரசோழனுக்கு அருகே பிறந்து, திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர் அம்மா. நான் பள்ளியில் படிக்கையிலேயே அப்பா காலமானார். அம்மா கிராம மேம்பாட்டு அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவரானார். கூட்டம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டுவது அப்போதும் அவர்தான்.

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று, கண்மாயில் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்ற அறக்கட்டளை ஏற்பாட்டில் ஜேசிபி வந்தது. தெற்கு மடை வாயிலில் செல்வியக்காவின் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. மண் பூசிய மூட்டத்தை வேகுமுன் பிரித்தால் விறகெல்லாம் சாம்பல். அவர்கள் குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. மறுநாள் ஜேசிபி வேறு வேலைக்குப் பாலவனத்தம் போயாக வேண்டும். மழை இறங்கிவிட்டால் கண்மாய்க்குள் எந்த வண்டியும் இறங்காது.

கருவேலம் அடைத்துக் கிடந்த தெற்கு மடையில் பாய்வது எங்கள் வயலும் சித்தப்பா வயலும் மட்டுமே.

"மூட்டத்தைத் தள்ளிட்டு வேலையப் பாருப்பா" என்றார் சித்தப்பா, ஓட்டுநரிடம்.

செல்வியக்கா மூட்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். "என்னையுஞ் சேத்து அள்ளச் சொல்லுங்க. கரிக்கு ஆகாட்டாலும் எரிக்க ஆவேன்."

வண்டி உறுமியபடி நின்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"வண்டிக்குத் தேதி குடுத்தது நானு. மூட்டம் போட்டவுகள ஒரு வார்த்தை கேக்காமக் குடுத்துட்டேன். தப்பு என்னுது. வடக்கு மடையப் பாருங்க. தெக்க தொட வேண்டாம்."

"ஊருக்கு நல்லவுக ஆகுறதுக்கு என் வயலுதான் கெடச்சுச்சா, மதினி?"

"ஒன் வயலு காயாது தம்பி. எங்க கெணத்துத் தண்ணி பூராவும் ஒனக்கு. காயுறது எங்களுது."

"கெணறு வத்துனா?"

"அப்ப வந்து என்னைய வையி. இன்னைக்கு அவ மூட்டத்தைத் தொடாத."

மறுநாள் மாலை மழை பிடித்தது. வடக்கே நெல் விளைந்தது. சித்தப்பா வயல் எங்கள் கிணற்றால் தப்பியது. எங்கள் வயல் தரிசாகக் கிடந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்ட சித்தப்பா, எங்கள் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோதுதான் வந்தார். அருப்புக்கோட்டை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவரும் அவரே. இருவரும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

அம்மா இல்லாத இந்த ஆவணியில், யாரும் அழைக்காமலே தெற்கு மடைக் கருவேலத்தை வெட்ட ஊரார் கூடினார்கள். முதல் ஆளாக அரிவாளுடன் நின்றவர் சித்தப்பா. வெட்டுமுன் திரும்பி, "மூட்டம் எதுவும் கெடக்கா, தாயி?" என்று செல்வியக்காவிடம் கேட்டார்.

"இல்லைங்க, வெட்டுங்க."

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செல்வியக்காவுக்கும், மடைக் கருவேலத்தை வெட்டித் தந்த ஊராருக்கும், அப்படிக் கேட்டுவிட்டு வெட்டிய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.