ஒன்பதாம் நாள் வந்த புளிப்பு

ஒரு பெண்ணின் மீது விழுந்த பழியைத் துடைக்கும் விடை என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வரைபடம் பாதியில் நின்றுபோயிருக்கும்... அதற்காக!

முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேளுங்கள்.

1991. எனக்கு இருபத்து நான்கு வயது. புள்ளியியல் படித்துவிட்டு, குன்றத்தூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சிறிய கூடத்தில் வேலை. ஒரகடத்தை அடுத்துக் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதன் பாறையில் மஞ்சள் துகள்கள் மின்னும். இரும்பும் கந்தகமும் கலந்தவை. வெட்டிப்போட்ட அந்தக் கல்லில் மழை பட்டால் அமிலம் ஊறும். அது பக்கத்துக் கிணறுகளை எட்டுகிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள்.

ஆடியிலிருந்து எடுத்த அளவுகளின் சராசரி, எல்லாக் கிணறும் நலம் என்றது. ஆனால் ஐப்பசி பிறந்ததும், கணவனை இழந்த கன்னியம்மாளின் கிணறு மட்டும் சில நாட்கள் மோரைப்போலப் புளித்தது. பிறகு தானே தெளிந்தது. ஏன் அந்த நாட்களில் மட்டும்? மழையின் அளவை ஒரு கோடாகவும் புளிப்பை ஒரு கோடாகவும் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நகர்த்தினேன். ஒன்பது நாள் தள்ளியதும் இரண்டும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின! குவாரியில் பெய்த மழை ஒன்பதாம் நாள் அமிலத்தோடு கிணற்றை எட்டுகிறது. எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் இரண்டு மழையை வைத்து எதை நிறுவ முடியும்? தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள். இன்னும் சில மழை வேண்டும். இப்போதே சொன்னால் புளிப்பை முறிக்கக் கிணற்றில் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள், அளவு கெட்டுவிடும். காத்திருந்தேன்.

கன்னியம்மாளின் மகள் செல்விக்குப் பத்தொன்பது வயது. தட்டச்சு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் புட்டியில் நீர் நிரப்பும்போது கன்னியம்மாள் அருகில் வந்தாள்.

"தம்பி, தண்ணி நல்லாகீதா? பொண்ணு காத்தால ஆனா வாந்தி எடுக்குது. ஊருல ஒரு மாதிரி பேசுறாங்கபா..."

வாசலில் செப்புக்குடம் இருந்தது. அதன் வாய் விளிம்பில் நீலப்பச்சைக் கறை. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. புளித்த நீர் இரவெல்லாம் செம்பைக் கரைக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் அதைக் குடித்துத்தான் வாந்தி எடுக்கிறாள் செல்வி.

"இன்னும் பாத்துக்கினு இருக்கேன்க்கா. முடிவு வரட்டும்" என்றேன்.

"அந்தக் குடத்து நீரைக் கொடுக்காதீர்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் கிணறு போய்விடும்... இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

கார்த்திகையிலேயே செல்வியை மணிமங்கலத்தில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். வயிறு தெரிவதற்குள் முடித்துவிட வேண்டுமாம்! தெரிய அந்த வயிற்றில் எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து என் வரைபடம் நிறைவடைந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒன்பதாம் நாள். கிணற்றை மூடினார்கள், என்னைப் பாராட்டினார்கள். கன்னியம்மாளிடம் குடத்தின் கதையை நானே போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமா தம்பி ஒனக்கு?"

"இல்லக்கா. நேத்துதான் தெரிஞ்சிது."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம் பொண்ண நானே அடிச்சேனே... நீ வந்து சொல்லலன்னா இதுகூடத் தெரிஞ்சிருக்காதேப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இப்போது இல்லை. செல்வியை நான் தேடிப் போகவில்லை. போய் எதைச் சொல்வது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக அதற்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.