எண்ணி ஓட்டியவர்

ராயப்பன் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் நான் பதினொரு வருடம் கண்டக்டராக இருந்தேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். ஒரு நாளைக்கு எட்டு நடை. எங்கள் முதலாளி விருத்தாசலத்துக்கு மொத்தம் ஐந்து பஸ்கள். மற்ற நான்கும் ஒரு லிட்டர் டீசலுக்கு நாலரை கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிய விஷயம். எங்கள் வண்டி மட்டும் ஐந்தரையைத் தொடும். முதலாளி முதலில் அதை நம்பவில்லை. மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் தானே ஏறி, டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து வந்தார்.

அந்தப் பாதையில் எங்களுக்கு ஏழு சிக்னல்கள். அன்று ஒன்றில் மட்டும்தான் நின்றோம். அண்ணன் வேகமாகவும் ஓட்டவில்லை. கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் இன்னொரு கம்பெனி பஸ் ஆரன் அடித்தபடி எங்களை முந்திப் பறந்தது. அடுத்த சிக்னலில் அது சிவப்புக்கு நின்றது. நாங்கள் இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டே போனோம். கிட்டப் போகும்போது பச்சை விழுந்தது. நின்றிருந்த பஸ் புகை கக்கிக்கொண்டு முதல் கியரில் முக்குவதற்குள் நாங்கள் கடந்துவிட்டோம்.

"செவப்புன்னு தெரிஞ்சும் அங்க ஓடிப்போய் நின்னா இன்னா கெடைக்கும், மொதலாளி?" என்றார் அண்ணன். "நின்ன வண்டிய மறுபடி கெளப்பறதுக்குத்தான் டீசல் குடிக்குது. நிக்காம போனா அது எதுக்குக் குடிக்கப் போவுது."

பச்சை எத்தனை விநாடி, சிவப்பு எத்தனை விநாடி, ஒரு சிக்னலில் பச்சை விழுந்து எத்தனை விநாடி கழித்து அடுத்ததில் விழுகிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். லீவு நாட்களில் கையில் வாட்சோடு ஒவ்வொரு முனையிலும் போய் நின்று எண்ணிக்கொண்டு வந்தவர் அவர். "ஊர்ல ஆம்பளைங்க லீவு விட்டா கறி வாங்கியாருவாங்க, இவுரு வெளக்குக் கம்பத்தப் பாத்துக்கினு நிக்கிறாரு" என்று அவர் மனைவி குப்பம்மாள் அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஓட்டும்போது அண்ணனின் உதடு மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். ஜபம் சொல்கிறார் என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

மயிலத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அவர்கள் தெருவில் முதன்முதலாக பஸ் ஓட்டியவர். எங்கள் பஸ்ஸில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வேறு பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்காகக் காத்திருப்பார்கள்.

இதெல்லாம் நல்ல காலத்துக் கதை.

கடைசி இரண்டு வருடங்களில் அவர் என்னை அடிக்கடி முன்னால் கூப்பிடத் தொடங்கினார். "மாறா, முன்னால வந்து நில்லு, பேசிக்கினு போலாம்" என்பார். போனால் பெரிதாக எதுவும் பேச மாட்டார். "அங்க இன்னா, கூட்டமா?" என்று கேட்பார். "வெளக்கு எரியுதா, கரண்டு இல்லியா?" என்பார். நானும் சொல்வேன். நடை முடிந்ததும் நேரம் எழுதுகிற தாளை, "எளுத்து பொடியா கீது" என்று என்னிடமே கொடுத்துவிடுவார். ஒருநாள் விக்கிரவாண்டியில் சாலையோரம் நின்று கை காட்டிய தன் சொந்த மச்சானை அவர் பார்க்காமலே போனார். மச்சான் மறுநாள் வந்து சண்டை போட்டார்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். அது கண்ணுக்குப் போய்விட்டது என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. பிறர் கேட்டால் நான் புரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் மகள் ரோஜா அப்போது நர்சிங் படிப்பில் கடைசி வருடம். கண்ணைச் சோதித்து லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதுவரை ஓட்டிவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். அதோடு, அவருடைய எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க அவர் பழகிய கணக்கு இப்போது அவருக்குக் கண்ணாக இருந்தது. விளக்கு தெரியாவிட்டாலும், விளக்கு எப்போது மாறும் என்பது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சூர்யகலா மேடம் வந்தார். திண்டிவனம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பேராசிரியர். சிக்னல் எப்போது மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, "இந்த வேகத்தில் போனால் நிற்காமல் போகலாம்" என்று டிரைவருக்குச் சொல்கிற கருவி ஒன்றை அவருடைய மாணவர்கள் செய்திருந்தார்கள். போன் அளவுக்குத்தான் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டால் தமிழில் பேசும். டீசலும் மிச்சம், பேட்டரி பஸ் வந்தால் சார்ஜும் மிச்சம் என்றார். எங்கள் முதலாளிக்கு வேறென்ன வேண்டும்.

"மொதல் மூணு வாரம் இது பேசாது அண்ணா" என்றார் மேடம். "நீங்க ஓட்டறத மட்டும் பதிவு பண்ணிக்கும். ரோட்டையும் வீடியோ எடுக்கும். நாலாவது வாரத்துலேருந்து வேகம் சொல்லும்."

இரண்டாவது வாரம் அவர் வந்து பதிவுகளைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "நாங்க கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கும் உங்க வேகமும் ஒண்ணா இருக்கு அண்ணா. சிக்னல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைக்கிறீங்க. எப்படி?"

அண்ணன் கொஞ்சம் சிரித்தார். "பழக்கந்தான் மேடம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. விழுப்புரத்தில் நான்குமுனைக்கு அடுத்த சிக்னலில் குழாய் போடுவதற்காக ஒரு பக்கம் தோண்டியிருந்தார்கள். நெரிசலுக்காக அன்று காலையிலிருந்து விளக்கின் நேரத்தை மாற்றி வைத்திருந்தார்கள். குறுக்கு ரோட்டுக்குப் பதினைந்து விநாடி கூடுதல். வருகிறவர்கள் விளக்கைப் பார்த்து நிற்கப் போகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அண்ணன் விளக்கைப் பார்க்கிறவர் இல்லை.

நான் அப்போது பின்படிக்கட்டில் இருந்தேன். சில்லறைக்காக ஒரு ஆளோடு வாக்குவாதம். பஸ் எப்போதும்போல மெல்ல உருண்டு போனது. முன்னால் யாரோ "ஏய், ஏய்" என்று கத்துவது கேட்டது. பிறகு தகரம் நசுங்குகிற சத்தம். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் பஸ்ஸில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

இளநீர் விற்கிற பெரியதம்பி. மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு, தனக்குப் பச்சை விழுந்ததென்று இடது பக்கமிருந்து வந்திருக்கிறார். ரோடு முழுக்க இளநீர்க் காய்கள் உருண்டு கிடந்தன. அவருடைய வலது கால் வண்டிக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. அண்ணன் இறங்கிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் அண்ணனை அடித்தார்கள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

முண்டியம்பாக்கத்தில் ஆபரேஷன் செய்து காலை வெட்டாமல் காப்பாற்றினார்கள். பஸ் இருபத்தாறில் போனதால்தான் ஆள் பிழைத்தான் என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து முதலாளியின் ஆபீஸில் நான்கு பேர் இருந்தோம். முதலாளி, மேடம், அண்ணன், நான். மேடத்தின் லேப்டாப்பில் அந்த வீடியோ இருந்தது. சிக்னலுக்கு வெகு முன்னாலிருந்தே விளக்கு சிவப்பாக எரிகிறது. பஸ் ஒரே சீரான வேகத்தில் அதற்குள் போகிறது. மோதுகிற வரை பிரேக் பிடித்த அடையாளமே இல்லை.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேடம், இத நீங்க யாருக்கும் காட்டலையே?"

"இல்லைங்க."

"காட்ட வேணாம். சிக்னல் டயத்த மாத்துனாங்க, மஞ்சள்ல உள்ள பூந்துட்டோம்னு சொல்லிடலாம். என் வக்கீல் பாத்துப்பாரு. ராயப்பன் மேல ஒரு சின்ன கேஸ்கூட கெடையாது இத்தினி வருஷத்துல. ஒரு நல்ல மனுஷனுக்காக இத அழிச்சுடுங்க."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அழித்துவிடலாமா என்று அவர் யோசித்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அழிக்காதீங்க மேடம்" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இரு ராயப்பா."

"இல்ல மொதலாளி. அந்த வெளக்கு எனக்குத் தெரியல. அந்த வெளக்கு மட்டுமில்ல, ரெண்டு வருஷமா எந்த வெளக்கும் எனக்குத் தெரியாது. வெயில்ல எல்லாம் கரைஞ்சுடும். இந்தப் பக்கம் கண்ணுல நடுவுல ஒரு கறுப்பு நிக்குது. கிட்ட வர்ற வண்டிய வெச்சு, எண்ணிக்கினுதான் ஓட்டுனேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்தேன். "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அதையே போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னார், கோர்ட்டிலும் சொன்னார். லைசென்ஸ் போனது. அபராதம் கட்டினார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். முன்பே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. குப்பம்மாள் அண்ணி அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்துலதான படுத்துக்கினு கெடந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியதம்பி வீட்டுக்குப் போவார். அரிசி, பழம், கையில் இருப்பது ஏதாவது கொண்டுபோவார். நான்கைந்து வாரம் பெரியதம்பி வாங்கிக்கொண்டார். ஆறாவது வாரம் நானும் கூடப் போயிருந்தேன். பெரியதம்பி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் கம்பி.

"இனிமே வராதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க கெட்டவரு இல்லன்னு தெரியுது. ஆனா நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கெல்லாம் எனக்குக் கால் வலிக்குது. வண்டி மிதிக்க முடியாதுன்றது ஞாபகம் வருது. என் பொண்டாட்டி தலையில கூடை வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டுல சுத்துறா. நீங்க மன்னிப்புக் கேக்கறப்ப நான் சரின்னு சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு அப்படிச் சொல்லத் தோணல."

அண்ணன் நின்றபடியே கும்பிட்டார். அதன்பிறகு அவர் போகவில்லை. பொருளை மட்டும் அண்ணி எடுத்துக்கொண்டு போவார்.

ஆறு மாதத்தில் மேடத்தின் கருவி எங்கள் ஐந்து பஸ்களிலும் வந்துவிட்டது. "வேகம் முப்பது" என்று அது சொல்ல, புது டிரைவர் தென்னரசு முப்பதில் போகிறார். இப்போது எல்லா வண்டியும் ஐந்தரை கொடுக்கிறது. திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்கு மேடம் ஒருமுறை தேடிக்கொண்டு வந்தார். தங்கள் கட்டுரையில் அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்ல வேண்டும் என்றார். அண்ணன் வேண்டாமென்றுவிட்டார். ஒன்று மட்டும் கேட்டார்.

"திடீர்னு நேரத்த மாத்துனா அதுக்குத் தெரியுமா மேடம்?"

"இப்ப சிக்னல் கம்பத்துலேருந்தே அதுக்குத் தகவல் வருது அண்ணா. மாத்தின ஒடனே தெரிஞ்சிடும்."

"அப்ப நல்லது" என்றார் அண்ணன். மேடம் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அழுதுகொண்டிருந்தார். மூன்று வாரம் பேசாமல் வைத்திருந்த கருவியை கம்பத்துத் தகவலோடு முதல் நாளே பேச விட்டிருந்தால் என்று அவர் மனதிலும் ஓடியிருக்கும்.

ரோஜா இப்போது புதுச்சேரியில் நர்ஸ். அப்பாவை அங்கேயே வரச்சொல்கிறாள். அவர் போகவில்லை. மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை வாங்கிவந்து போடுகிறார்கள், தோலை உடைத்து விதைக்கடலை எடுத்துக் கொடுக்கிறார். அதற்குக் கண் வேண்டாம். விரல் போதும்.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து நானும் கொஞ்சம் உடைத்தேன். இத்தனை நாளாக நெஞ்சில் இருந்ததை அன்று சொன்னேன்.

"அண்ணே, உங்க கண்ணு போனது எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். நான் சொல்லல."

"தெரியும் மாறா" என்றார். "தெரிஞ்சுதான் உன்ன முன்னால கூப்புட்டு வெச்சிக்கினேன்."

"நான் மொதல்லயே கேட்டிருந்தா?"

அவர் கை நின்றது. "கேட்டிருந்தா உன்ன ஒரு அறை அறைஞ்சிருப்பேன். பத்து நாள் உங்கிட்டப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் வண்டிய வுட்டுட்டு வூட்டுக்கு வந்திருப்பேன்."

மறுபடியும் உடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குன்னு நீ மனசுல வெச்சிக்கினு கெடக்காத. ஓட்டுனது நான்" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். எனக்கு மூன்று மணிக்கு பஸ் நடை இருந்தது. சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.