குழம்புக்குள் ஓர் அரசாங்க விரால்

அன்று காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மச்சான், மீன் இலாகா அதிகாரி, குழம்புச் சட்டியில் ஒரு விரால்.

நாங்கள் பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. ஆற்று மீன்கள் எப்படி வளர்கின்றன என்பது நாட்டுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்ததாம். ஒல்லியான அந்த அதிகாரியின் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். மீனைக் கண்டால் மட்டும் எடுப்பார். அளந்து, செவுளுக்குள் எண் போட்ட சிறு தகடு குத்தி, மறுபடி ஆற்றில் விடுவார். தகடுள்ள மீனைப் பிடித்துக் கொடுப்பவருக்கு இரண்டு வெள்ளிக் காசு.

மச்சான் பிடித்து வந்த விராலில் தகடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. என் பல்தான் கண்டுபிடித்தது. குடியுரிமைக்கு அப்போதுதான் மனுப் போட்டிருந்தேன். அரசாங்க மீனைத் தின்றவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஓடிப்போய் அதிகாரியைக் கூட்டிவரச் சொன்னேன், மச்சானை.

"துண்டெல்லாம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"வாலைத்தான் இவரு முதல்லயே முடிச்சிட்டாருங்கய்யா," என்று காட்டிக்கொடுத்தாள் மனைவி.

துண்டுகளைத் தன் கைக்குட்டையால் துடைத்து, வரிசையாக அடுக்கி அளந்தார். "கூட விட்டதெல்லாம் முழ நீளம் வளந்துருச்சு. இது மட்டும் ஏன் இப்படி நின்னுபோச்சு?" என்று பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் வருந்தினார்.

"என்னைப் பிடிச்சிட்டுப் போவாங்களா ஐயா?"

"உங்கள எதுக்கு? வாலில்லாத மீனுக்குப் பாதிக் காசுதான். சொல்லி அனுப்புறேன்."

மஞ்சள் கறையோடு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு விரால் வளராததற்கு அவ்வளவு கவலைப்பட்ட மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

குடியுரிமை வந்துவிட்டது. ஒரு வெள்ளி இன்னும் பாக்கி.