நான் வெட்டிய இரண்டு வரிகள்

ரத்தச் சர்க்கரை பார்க்கப் போன தென்காசிப் பரிசோதனைக் கூடத்தில், ஊசியோடு வந்த பெண்ணை உடனே அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கைய நீட்டுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு வருடங்களுக்கு முன், நிருபராக இருந்தபோது, குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு காலையில் அவரைப் பேட்டி எடுத்தேன். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரரின் மகள். லடாக்கின் உயரமான ஏரிகளில் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தவரின் மூக்கும் கன்னமும் வெயிலில் உரிந்திருந்ததைப் பார்த்த அப்பா, இனி அங்கே போக வேண்டாம் என்றுவிட்டார்.

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க சார். பேப்பர்ல வந்தா கேப்பாங்க."

அப்பா அருவியில் குளித்துவிட்டு வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று வேகமாகப் பேசினார். அந்த உயரத்தில் காற்று மெலிவு; புற ஊதாக் கதிர் கடுமையாக இறங்கி உயிரணுவின் மரபுப் பொருளையே சிதைக்கும். அங்குள்ள பல பாக்டீரியாக்களின் உடலில் ஆரஞ்சு நிறமி இருக்கிறது. அது சேதத்தைக் குறைக்கிறது.

"குடை மாதிரியா?"

"பாதிதான் சார். குடைக்குள்ளயும் வெயில் வரும்லா. அடி படத்தான் செய்யும். ஆனா சிதைஞ்சத சரிபண்ணுத என்சைம் ஒண்ணு இருக்கு. அது வேலை செய்யவும் வெளிச்சம்தான் வேணும். அடிக்குத வெயில்தான் ஆத்தவும் செய்யுது."

குறித்துக்கொண்டேன். மாலையில் இடம் போதவில்லை என்று நான் வெட்டியது அந்தக் கடைசி இரண்டு வரிகளை. தலைப்பும் நான் வைத்ததுதான்: 'சாகாத கிருமியோடு புளியங்குடி மாணவி'. கேட்டவர்களிடமெல்லாம் அலுவலக டெஸ்க்கில் உதவி ஆசிரியர்கள் போட்டது என்றேன்.

மறுநாள் பிரதிகளோடு அவர் அப்பாவின் கடைக்குப் போனேன். எனக்கு முன்பே பேப்பர் போயிருந்தது.

"அண்ணாச்சி, பாப்பாகூட கிருமியும் வந்திருக்காமே. பழத்தத் தொடலாமா?" என்றார் ஒரு வியாபாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சொத்தைப் பழம் தின்னு வளந்தவன்லே நீ. ஒன்ன எந்தக் கிருமியும் அண்டாது" என்று கடைக்காரரும் சிரித்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார். "தம்பி, சாகாத கிருமின்னா மருந்து கிடையாதுன்னுதான அர்த்தம்? அதோட கெடக்கவா எம் புள்ளைய அனுப்பணும்?"

அது நோய்க்கிருமி அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைப்பு தப்பு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மகள் திரும்பிப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"அந்தத் தலைப்பு நான் வச்சதும்மா" என்றேன், அவர் ஊசியை உருவியபோது.

"தெரியும் சார். அந்தப் பேப்பர அப்பா இன்னும் பீரோவுல மடிச்சு வச்சிருக்காங்க. மக படம் வந்திருக்குல்லா." பஞ்சை என் கையில் வைத்தார். "அழுத்திப் பிடிங்க."

அடுத்தவரைக் கூப்பிட்டார்.