முத்துத்தாய் குடிலுக்கு வந்த எலிகள்

எழுமலைக்கு மேற்கே ஒரே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு பசுமைக்குடில்கள். ஒன்று முத்துத்தாயுடையது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் கொழுந்தன் பெண்டாட்டி சுபலட்சுமியுடையது. இரண்டிலும் காய்கறி நாற்றுதான் வளர்கிறது. பக்கத்துத் தோட்டக்காரன் என்கிற முறையில் சொல்கிறேன், முத்துத்தாயைப் போல உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. அவளைப் போல வயிறெரிகிறவளையும் பார்த்ததில்லை.

சுபலட்சுமி புதுச் சேலை கட்டினால் இவளுக்குச் சோறு இறங்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது எலி. குழித்தட்டில் விதை ஊன்றிய ரெண்டாம் நாளே தோண்டித் தின்றுவிட்டுத் தோலை மட்டும் மிச்சம் வைத்தன. குடில் வலையின் அடியை மண்ணில் புதைத்தாள். சுற்றிலும் தகரம் அடித்தாள். பொறியில் கருவாடு வைத்தாள். நாலு மாட்டினால் எட்டு வந்தது.

"அவ குடிலுக்கு ஒண்ணாவது போகுதா பாருங்கண்ணே. எல்லாம் அவ கொள்ளிக்கண்ணு," என்பாள் என்னிடம்.

அந்தக் கண்ணுக்காகவே அமாவாசைதோறும் உச்சி வேளையில் பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டிச் சூடம் கொளுத்தி, குடிலுக்குச் சுற்றி, வரப்புக்கு அப்பால் கேட்கிற மாதிரி வாசலில் ஓங்கி உடைப்பாள். கண்ணேறு கழித்ததைக் கையால் தொடுவாளா? சிதறியதைக் காலால் தகரத்தோரம் ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன மாசம் விருமாண்டி பத்தாயிரம் பாகல் நாற்று கேட்டிருந்தார். வருஷா வருஷம் இவளிடம் வாங்குகிறவர். இந்தத் தடவையும் எலி தின்றது என்றால் வரப்பைத் தாண்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டே போனார். அமாவாசைக்கு மறுநாள் விதை ஊன்றினாள். மூன்றாம் நாள் காலையில் பாதித் தட்டு காலி. தலையில் கை வைத்து உட்கார்ந்தவள், சட்டென்று எழுந்தாள். சுபலட்சுமி என்ன மருந்து வைக்கிறாள் என்று பார்த்தே தீர வேண்டுமாம். தனியாகப் போக ரோஷம் விடவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டாள்.

அங்கே மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. குடிலைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிய வெறும் தரை. அதில் ஒரு செத்தைகூடக் கிடையாது.

"எலி வந்தா திங்க ஒண்ணும் கெடக்காதுக்கா, அம்புட்டுதேன்," என்றாள் சுபலட்சுமி. பிறகு தயங்கி, "கோவிச்சுக்க மாட்டீகளே? நீங்க ஒடைக்கிற பூசணிக்காய யாரு அள்ளுறது?"

முத்துத்தாய் விறுவிறுவென்று தன் குடிலுக்குத் திரும்பினாள். தகரத்தோரம் குனிந்து பார்த்தோம். காய்ந்த பூசணித் துண்டுகளுக்கு அடியில் ஓர் எலி வளை, தகரத்துக்குக் கீழாகக் குடிலுக்குள் போனது. வளை வாயில் பூசணி விதைத் தோல் குவியலாகக் கிடந்தது. தோலெல்லாம் குங்குமச் சிவப்பு. மாசாமாசம் எலிக்கு விருந்து வைத்து உள்ளே கூப்பிட்டது இவளேதான்.

பின்னாலேயே வந்து நின்ற சுபலட்சுமி, "நானும் அமாவாசைக்கு ஒடைக்கிறேன்க்கா. நீங்க வீட்டுக்குப் போன பெறகு. ஒடச்ச கையோட கூட்டி அள்ளி முச்சந்தியில போட்ருவேன்," என்றாள்.

"ஒனக்கு யாருடி கண்ணு வைக்கிறா?"

சுபலட்சுமி தரையைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். முத்துத்தாயின் முகம் அந்த விதைத்தோல் மாதிரியே சிவந்தது.

வளையை அடைத்து, வாசலைக் கூட்டி, மறுபடி விதை ஊன்றினாள். இடையில் விருமாண்டி வரப்பைத் தாண்டத்தான் செய்தார். "பத்து நாள் பொறுங்கண்ணே, அக்காவே குடுப்பாக," என்று சுபலட்சுமி திருப்பி அனுப்பிவிட்டாள். சொன்ன நாளில் பத்தாயிரமும் முளைத்துப் போய்ச் சேர்ந்தன. முத்துத்தாய்க்கு அதிலும் நிம்மதி இல்லை. "அவ நல்லவள்னு பேரு வாங்கிட்டா பாருங்கண்ணே," என்று என்னிடம் பொருமினாள்.

இந்த அமாவாசைக்கு இவளும் பொழுது சாய உடைத்து, ஒரு விதை விடாமல் கூட்டி அள்ளிக் கூடையில் எடுத்துப் போனாள். எதிரே சுபலட்சுமியும் கூடையோடு வந்தாள். இருவரும் முச்சந்தியில் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். என் தோட்டத்தைத் தாண்டும்போது முத்துத்தாய் நின்றாள்.

"பாத்தீகளாண்ணே, அவ ஒடச்ச காயி என்னுதவிடப் பெருசு."