காத்திருப்போர்: ஒருவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஹெட்போன் என் தலையில் இருந்தது. கேட்டது நான்.

பெருந்தொற்று ஊரையே அடைத்து வைத்திருந்த நேரம். மனநல உதவி எண்ணுக்கு அழைப்புகள் கொட்டின. ஆள் போதவில்லை. விலங்கியல் படித்த எனக்கும் அவசரப் பயிற்சி கொடுத்து, வீட்டிலிருந்தே பேசச் சொன்னார்கள்.

"ஃபோன் அடிச்சாலே அம்மாகிட்ட நீட்டுறவ. நீ ஊருக்கு ஆறுதல் சொல்லப் போறியா?" என்று அண்ணன் சிரித்தான்.

அழைப்பவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். அதுவரை அவர்களுக்கு இசை மட்டும் கேட்கும். வரிசையில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று என் திரையில் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அடுத்தவர் வருவார்.

முதலில் சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர்.

"எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்க மேடம். 'நீ போப்பா'ன்னு விட்டுக்கொடுத்தாங்க."

பாவம், தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு கல்லூரி மாணவி அதையே சொன்னாள். பிறகு, மனைவியை இழந்த ஒரு பெரியவர்.

"அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது. அவங்கள முதல்ல எடும்மா."

மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"நீ ரெண்டு நாள் லீவு எடும்மா," என்றார்.

ஆனால் திரை... வரிசை காலியான பிறகும் அதில் '1' என்றே இருந்தது. கணினிக் கோளாறு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ காத்திருக்கிறார். நாங்கள் எடுக்கவில்லை.

ஒரு மதியம், இரண்டு நாற்பது. நல்ல வெயில். எல்லா அழைப்பும் முடிந்திருந்தது. திரையில் '1'.

அழுத்தினேன்.

இசை நின்றது.

மூச்சு... இழுத்து இழுத்து...

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா... இங்கதான் இருக்கேன்."

"சொல்லுங்கக்கா. இப்ப உங்க முறை."

"எனக்கு இப்ப வேணாம். பின்னாடி ஒரு நர்ஸ் பொண்ணு நிக்குது. அழக்கூடத் தெம்பில்ல. அத எடு... சீக்கிரம்..."

அப்போதுதான் கவனித்தேன்.

ஹெட்போன் இடது காதிலிருந்து நழுவியிருந்தது.

குரல் அந்தக் காதில்தான் கேட்டது.

திரையில் '2'.

அழுத்தினேன்.

நர்ஸ்தான். மருத்துவமனைக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரை விடுவதென்று முடிவு செய்திருந்தாள். பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

அடுத்த மாதம், மேற்பார்வையாளர் வழியாக என்னைத் தேடிப்பிடித்து நன்றி சொன்னாள்.

மெல்லக் கேட்டேன். "அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி... யாராவது இருந்தாங்களா?"



"அந்தக் குரல் எனக்குத் தெரியும் மேடம். தொற்று ஆரம்பிச்ச முதல் வாரம், எங்க வார்டுல இருந்தாங்க. பக்கத்துல ஒருத்தரையும் விடல. ஃபோனைக் காதுல வெச்சபடியே போயிட்டாங்க. எடுத்துப் பார்த்தா, உங்க ஹெல்ப்லைன் மியூசிக் ஓடிக்கிட்டிருந்துச்சு..."

"அப்புறம்?"

"நான்தான் மேடம் அந்த லைனை கட் பண்ணேன்."

திரையைப் பார்த்தேன்.

காத்திருப்போர்: 1.